பதினோரு வீட்டுப் பேன்

எங்கள் லைன் வீடுகளில் பேன் இல்லாத தலை என்று ஒன்றுகூட இருந்ததில்லை. இருந்தது என்று யாராவது சொன்னால் அது பொய். அந்தப் பொய்யை நானே சொல்லியிருக்கிறேன், அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

புதுவாயல் கூட்டுரோட்டிலிருந்து உள்ளே கால் மைல் நடந்தால் பதினோரு ஓட்டு வீடுகள். இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் ஐந்து, நடுவில் கிணறு, கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு புங்க மரம். எழுபதுகளின் தொடக்கம். அப்பா எளாவூர் செக்போஸ்ட்டில் கிளார்க். அதனால் அம்மாவுக்குக் கிளார்க்கம்மா என்று பெயர். அந்தப் பெயரை அம்மா நகை மாதிரி போட்டுக்கொண்டிருந்தாள். மற்ற வீடுகளில் அப்போதுதான் வந்துகொண்டிருந்த கம்பெனிகளுக்குப் போகிறவர்கள், ஒரு லாரி மெக்கானிக், கிணற்றை ஒட்டிய வீட்டில் எஸ்தர் அக்கா. கடைசி வீட்டில் அவர்.

அவருக்குப் பெயர் இருந்தது, யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஊருக்கு மருந்துக்காரர், அவருடைய பெண்களுக்கு நைனா, எனக்கு மாமா. "மாமா என்னடி மாமா, என்ன ஒறவு?" என்று அம்மா கடிவாள். அம்மா காதில் விழாத இடத்தில் மாமா.

மலேரியாவுக்கு மருந்து அடிக்கிற வேலை அவருக்கு. ஊர் ஊராகப் போய், வாளியில் வெள்ளைத் தூளைக் கரைத்து, கூட வந்த ஆள் பம்பை அடிக்க, இவர் குழாயைப் பிடித்து வீட்டுச் சுவர்களை மேலிருந்து கீழாக நனைத்துக்கொண்டே போவார். சாயங்காலம் வீடு திரும்பும்போது புருவமெல்லாம் வெள்ளை பூத்திருக்கும். முப்பத்தைந்து வயது ஆளுக்கு அறுபது வயதுப் புருவம். சின்னப் பெண் ஓடிப்போய் பாவாடை நுனியால் துடைத்து விடுவாள்.

மருந்து அடித்தால் பல்லி விழும், பூனை செத்துப்போகும், மூட்டைப்பூச்சி மட்டும் முன்னைவிட ஜோராக இருக்கும். அதனால் அவரைத் தெருமுனையில் பார்த்ததுமே கதவைச் சாத்துகிற வீடுகள் உண்டு. சாமி ரூம் சுவர் பாழாகிறது என்பார்கள், கைக்குழந்தை இருக்கிறது என்பார்கள். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு வாசலில் நின்று கெஞ்சுவார்.

"ஒரு ஊட்ட உட்டுட்டா தெரு மொத்தமும் வேஸ்ட்டும்மா. கொசு இன்னா ஊட்டு நம்பர் பாத்துக்கினா வருது? அல்லாக் கொசுவும் உங்க ஊட்ல வந்து குந்திக்கும். அப்பால அங்கேர்ந்து மத்தவன் ஊட்டுக்குப் போவும். கொஞ்சம் தயவு பண்ணுங்கம்மா."

எல்லா வாசலிலும் இதே பேச்சுத்தான். எளாவூரில் ஓர் அரிசி மண்டிக்காரர் வீட்டு வாசலில் அவர் நிற்பதை அப்பா காலையில் வேலைக்குப் போகும்போது பார்த்திருக்கிறார். மத்தியானம் டீ குடிக்க வெளியே வந்தால் அதே இடத்தில் அதே மாதிரி நின்றுகொண்டிருந்தாராம். "நெழல்ல நிக்கணும்னுகூட தோணல அந்த மனுஷனுக்கு," என்று அப்பா சொல்லிச் சிரித்தார். அப்பா சிரித்தது கேலியாகத்தான், ஆனால் அதைப் பத்து நாள் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

மருந்து அடித்து முடித்த வீட்டின் வாசல் சுவரில் காவியைத் தொட்டுத் தேதியும் எத்தனை ரூம் என்பதும் எழுத வேண்டும். வீட்டுக்காரர்கள் விடவில்லை என்றால் மறுப்பு என்று எழுத வேண்டும், வீட்டில் ஆளில்லை என்றால் பூட்டு என்று எழுத வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கிற பழக்கம் ஐந்தாம் வகுப்பிலும் எனக்குப் போகவில்லை, சுவரையெல்லாம் படித்துக்கொண்டு திரிவேன். கூட்டுரோட்டில் எப்போதும் ஆள் இருக்கிற வீடுகளில்கூடப் பூட்டு என்று இருந்தது. மறுப்பு என்று ஒரு சுவரிலும் இல்லை. அவரிடமே கேட்டேன்.

"மறுப்புன்னு எழுதிட்டா மேலேர்ந்து ஆளு வந்து அந்தம்மாவ கண்டபடி பேசுவான் கண்ணு. எனக்கும் அந்த ஊட்டுக்கு மறுபடி போவற வேல இல்ல. பூட்டுன்னு எழுதிட்டா நான் இன்னொருக்கா போயித்தான் ஆவணும். இன்னிக்கு மாட்டேன்னவங்க நாளைக்கு சரின்னுவாங்க. மனுசங்கதானே."

"அப்ப அது பொய் இல்லையா மாமா?"

"பொய்தான்," என்று சொல்லிவிட்டு பீடியைப் பற்ற வைத்தார்.

அவருடைய பெண்சாதி மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பெரிய பெண் அமுலு, என்னோடு ஐந்தாம் வகுப்பு. சின்னவள் இன்னும் பள்ளிக்கூடத்தில் சேரவில்லை. அமுலுவின் முடி இடுப்பைத் தாண்டும், ஒரு கைப்பிடிக்குள் அடங்காது. கிணற்றடியில் தண்ணீர் இழுக்கிறவர்கள் அவளைப் பார்க்கும்போதெல்லாம் "அப்பிடியே அவங்கம்மா முடி" என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த குடத்தை எடுப்பார்கள். அந்த அம்மாவின் முகம் எனக்கு ஞாபகமில்லை, முடி ஞாபகம் இருக்கிறது.

அந்த முடியை வைத்துக்கொண்டு அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஜடை பின்னக் கற்றுக்கொண்டார். முதல் இரண்டு மாதம் அமுலுவுக்கு ஒரு ஜடை காதுக்கு மேலேயும் ஒரு ஜடை கழுத்துக்குக் கீழேயும் இருக்கும். அப்புறம் சரியாக வந்தது. அதைவிடப் பெரிய வேலை பேன் பார்ப்பது. ஆண்பிள்ளை வாசலில் உட்கார்ந்து பேன் பார்ப்பதை எங்கள் பக்கம் அதுவரை யாரும் கண்டதில்லை. பெண்கள் பேனை இரண்டு கட்டைவிரல் நகத்துக்கு நடுவில் வைத்து நசுக்கும்போது வாயால் 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் போடுவார்களே, அது அவருக்குத் தெரியாது. சின்னவள்தான் சொல்லிக் கொடுத்தாள்.

"நைனா, ஸ்ஸுன்னு சொல்லு. அப்பத்தான் பேன் சாவும்."

அன்றிலிருந்து ஒவ்வொரு பேனுக்கும் அவர் 'ஸ்ஸ்' என்பார். சின்ன ஈருக்குக்கூட. கிணற்றடியில் பெண்கள் புடவையை வாயில் வைத்துச் சிரிப்பார்கள். அவர் பாட்டுக்கு மும்முரமாக 'ஸ்ஸ்', 'ஸ்ஸ்' என்று கொன்றுகொண்டிருப்பார்.

வேப்பெண்ணெய், வசம்பு, தலையணைக்கு அடியில் துளசி என்று யார் எதைச் சொன்னாலும் செய்தார். ஒன்றை மட்டும் செய்யவில்லை. மெக்கானிக் பெண்சாதி ஒருநாள் அவர் வாசலுக்கே போய்க் கேட்டாள்.

"இன்னாப்பா நீ, ஊர்க் கொசுவெல்லாம் கொல்ற மருந்தக் கையில வெச்சிக்கினு இந்தப் பேஜாரு படுறியே. ஒரு புடி எடுத்துத் தலையில போட வேண்டியதுதானே? எம் புள்ளைங்களுக்கும் ஒரு பொட்டலம் குடு."

"அது செவுத்துக்கும்மா. தலைக்கில்ல."

"செவுத்துக்கு ஆவறது தலைக்கு ஆவாதா?"

"செவுத்துக்கு உசுரில்லம்மா," என்றார்.

அவள் அதற்கப்புறம் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. ஒரு பிடி தூளுக்குக் கஞ்சத்தனம் என்று லைன் முழுக்கச் சொன்னாள்.

அந்த வருஷம் காலாண்டுப் பரீட்சை சமயத்தில் அமுலுவின் வெள்ளைச் சட்டைக் காலரில் பேன் ஊர்ந்ததைப் பெரிய டீச்சர் பார்த்துவிட்டார். பின்கழுத்தில் சொறிந்து சொறிந்து புண். அவளைக் கடைசியில் தனியாக ஒரு கோணிமேல் உட்கார வைத்தார்கள். அப்பாவைக் கூட்டி வா என்றார்கள். அவர் காக்கிச் சட்டையோடு வந்து நின்றார். நாங்கள் எல்லோரும் வரிசையில் நின்றுகொண்டிருந்தோம், எங்கள் முன்னாலேயே டீச்சர் பேசினார்.

"லீவு முடிஞ்சு வர்றப்போ தலை சுத்தமா இருக்கணும். இல்லேன்னா மொட்டை அடிச்சுக் கூட்டிட்டு வாங்க. ரெண்டும் முடியாதுன்னா வீட்டுலயே வெச்சுக்குங்க."

"மொட்ட வாணாம் டீச்சர். அது அவங்கம்மா முடி," என்றார் அவர். "நான் சுத்தம் பண்ணி இட்டாறேன்."

எனக்கு அவ்வளவு நேரமும் காதுக்குப் பின்னால் அரித்துக்கொண்டிருந்தது. என் தலையிலும் இருந்தது, என்ன ஒளிவு மறைவு இனிமேல். அமுலுவிடமிருந்து எனக்கு வந்ததா, என்னிடமிருந்து அவளுக்குப் போனதா என்று திருவள்ளூர் கோர்ட்டில் கேஸ் போட்டாலும் தீராது. மத்தியானம் எல்லோரும் கண்ணயரும் நேரத்தில் அம்மா கதவைச் சாத்திக்கொண்டு, பின்கட்டில் என்னை உட்கார வைத்துப் பேன் சீப்பால் வாருவாள். நகத்தில் வைத்து நசுக்குவாள், 'ஸ்ஸ்' மட்டும் வராது. வெளியே கேட்டுவிட்டால் கிளார்க் வீட்டிலும் பேன் என்று ஆகிவிடும் அல்லவா. அவசரத்தில் பார்த்தால் பாதிதான் வரும், மீதி இருக்கும். காலையில் இறுக்கிப் பின்னி, மடித்து ரிப்பன் கட்டி அனுப்பிவிடுவாள். அந்த ரிப்பனைப் பார்த்த யாரும் என் தலையைப் பார்த்ததில்லை. சொறியாமல் இருக்கத் தொடையைக் கிள்ளிக்கொள்ளப் பழகியிருந்தேன்.

லீவு விட்ட முதல் நாளே அவர் இரண்டு பெண்களின் தலையையும் ஒரு பேன் விடாமல் எடுத்தார். நாலாம் நாள் மறுபடி வந்துவிட்டது. மறுபடி எடுத்தார், மறுபடி வந்தது. அப்போதுதான் அவருக்கு விளங்கியது. விளங்கியதும் செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு வாசலாக நின்றார்.

"ஒரு தலைய உட்டுட்டாலும் வேஸ்ட்டும்மா. அல்லாரும் ஒரே நாள்ல பாத்துட்டா ஒழிஞ்சிடும். வேப்பெண்ண நான் காச்சித் தரேன், சுடுதண்ணி நான் வெச்சித் தரேன். ஒரு நாளு. ஒரே ஒரு நாளு."

கொசு இருக்கிறது என்று ஒப்புக்கொள்வது சுலபம், கொசு யாருக்கும் சொந்தமில்லை. பேன் இருக்கிறது என்று எந்தத் தாய் ஒப்புக்கொள்வாள்? எங்கள் பிள்ளைகளுக்குக் கிடையாது என்று பத்து வீட்டிலும் சொன்னார்கள். அவர் மறுநாள் போய் நின்றார், அதற்கு மறுநாளும் நின்றார். முதலில் எஸ்தர் அக்கா இளகினாள். "சரிப்பா, எங்க ஊட்லயும் கீது, போதுமா?" என்று அவள் கிணற்றடியில் எல்லோர் முன்னாலும் சொன்ன பிறகு மற்றவர்களுக்கும் வாய் வந்தது. மெக்கானிக் பெண்சாதி தூள் கதையை எடுத்துத் திட்டித் தீர்த்துவிட்டுச் சரி என்றாள்.

எந்த நாள் என்பதில் அடுத்த இழுபறி. செவ்வாய் வெள்ளி பேன் பார்க்கக் கூடாது. திங்கள் ஒருத்திக்கு விரதம், வியாழன் இன்னொருத்திக்கு. சனிக்கிழமை புரட்டாசிச் சனி, பேச்சே எடுக்க முடியாது. புதனில் அமாவாசை வந்து உட்கார்ந்தது. ஞாயிறு காலை எஸ்தர் அக்கா சர்ச்சுக்குப் போக வேண்டும், அதுவும் விளக்கு வைக்கிற நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். கடைசியில் லீவின் கடைசி நாள், ஞாயிறு மத்தியானம் என்று படிந்தது. "கொசு எவ்ளோ தேவல," என்று அவர் அப்பாவிடம் சொன்னாராம்.

எங்கள் வாசலுக்கும் வந்தார்.

"எங்க வீட்டுல அதெல்லாம் கிடையாதுப்பா," என்றாள் அம்மா. "மத்தவங்களப் பாரு."

"இல்லன்னாலும் பரவால்லம்மா. சும்மா ஒருவாட்டி எண்ண வெச்சி வாரிட்டாப் போதும். உங்க கையால, ஊட்டுக்குள்ளயே. நாங்க யாரும் பாக்கப் போறதில்ல."

"இல்லாததுக்கு எதுக்கு வாரணும்?"

நான் கதவுக்குப் பின்னால் நின்று தொடையைக் கிள்ளிக்கொண்டிருந்தேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் போல ஒரு நாளை நான் அப்புறம் பார்க்கவில்லை. புங்க மரத்தடியில் பாய் விரித்து, ஒருத்தி முன்னால் ஒருத்தி, அவள் முன்னால் ஒரு குழந்தை என்று வரிசையாக உட்கார்ந்து பார்க்கிறார்கள். ஓரத்தில் கல் அடுப்பில் தண்ணீர் கொதிக்கிறது. அவர் ஒரு கையில் எண்ணெய்க் கிண்ணமும் ஒரு கையில் சீப்புமாக ஓடுகிறார். பத்து வீட்டு 'ஸ்ஸ்' சேர்ந்து எங்கள் ஜன்னல் வரை கேட்டது. சிரிப்பும் கேட்டது. முடித்த வீட்டின் சுவரில் காவியால் தேதி போட்டு, தலை நாலு, தலை ஆறு என்று எழுதிக்கொண்டே போனார். வேலை வழக்கம் விடுமா? நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். போகட்டுமா என்று ஒரு வார்த்தை அம்மாவிடம் கேட்டிருக்கலாம், எனக்குத் தைரியம் வரவில்லை. அமுலு ஒரு கிண்ணம் வேப்பெண்ணெயோடு வந்து என்னைக் கூப்பிட்டாள். "அவ படிக்கிறா," என்றாள் அம்மா. அமுலு கிண்ணத்தை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனாள். அது இருட்டும் வரை அங்கேயே இருந்தது.

மறுநாள் பள்ளிக்கூடம். பெரிய டீச்சர் பென்சிலால் அமுலுவின் முடியை வகிர்ந்து வகிர்ந்து பார்த்தார். ஒன்றுமில்லை. பின்கழுத்துப் புண்கூடக் காய்ந்திருந்தது. டீச்சருக்கே முகம் மலர்ந்துவிட்டது.

"இனிமே நீ கோணியில உக்கார வேணாம். கிளார்க் பொண்ணு பக்கத்துல போய் உக்காரு. சுத்தம்னா என்னன்னு அவளப் பாத்துக் கத்துக்க."

அமுலுவுக்கு அவ்வளவு சந்தோஷம். ஒரு மாதமாக என் பக்கத்தில் உட்காரவில்லையே. நான் நகர்ந்தேன், அவள் நெருங்கினாள். மறுபடி நகர்ந்தேன், பெஞ்சு முடிந்துவிட்டது. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பாடப் புத்தகம் ஒன்றுதான். அதன் மேல் தலையோடு தலை முட்டக் குனிந்து படித்தோம். எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. வாய்தான் வரவில்லை.

பத்து நாளில் அவள் தலையில் பழையபடி வந்துவிட்டது. அவர் தன் வீடு போக மற்ற ஒன்பது வீட்டுக்கும் மறுபடி போனார். எல்லோரும் பார்க்க விட்டார்கள், ஒரு தலையிலும் இல்லை. பதினோராவது வீட்டைப் பற்றி அவர் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை டீச்சர் பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை மொட்டையோடு வந்தால்தான் உள்ளே என்று சொல்லிவிட்டார். அன்று சாயங்காலம் அவர் எங்கள் வாசலில் வந்து நின்றபோது அம்மா அவரைப் பேசவே விடவில்லை.

"அழுக்கு உங்க வீட்டுல, கேள்வி எங்க வீட்டுலயா? எங்க பொண்ணு தலைய நீ யாருப்பா கேக்கறதுக்கு? ஆம்பள வந்து கேக்கற கேள்வியா இது?"

"கோச்சுக்காதீங்கம்மா," என்றார். "எம் பொண்ணு முடி போயிடும்மா." அவ்வளவுதான் சொன்னார். அம்மா உள்ளே வந்து ரொம்ப நேரம் பாத்திரங்களை இங்கேயும் அங்கேயுமாக வைத்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலை கூட்டுரோட்டிலிருந்து முடி வெட்டுகிறவர் வந்தார். புங்க மரத்தடியில் அதே இடத்தில் மணை போட்டார்கள். முதலில் ஜடையை வெட்ட வேண்டும் என்று அவர் சொன்னதும் மருந்துக்காரர் இரண்டு கையையும் நீட்டினார். ரிப்பனோடு ஒவ்வொரு ஜடையாக அவர் கையில் விழுந்தது. துண்டில் சுற்றி உள்ளே எடுத்துப்போனார், திரும்பி வந்து அவள் தலையைப் பிடித்துக்கொண்டார். அமுலு அழவில்லை. சின்னவள்தான் அக்காவைப் பார்த்துப் பயந்து கத்தினாள். எஸ்தர் அக்கா தண்ணீர் இழுப்பதை நிறுத்திவிட்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

பள்ளிக்கூடத்தில் பையன்கள் அவள் மண்டையில் தட்டிவிட்டு ஓடினார்கள். அவள் தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பொங்கலுக்கு முன்னால் அவருக்கு ஊத்துக்கோட்டைப் பக்கம் மாற்றலாகி, சாமான்களை ஒரு மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எனக்குப் பேன் போனது தையில். திருவள்ளூர்க் குளத்தில் வெல்லம் கரைத்ததால்தான் போயிற்று என்று அம்மா சாகும் வரை சொன்னாள்.

அந்த வெல்லத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாமல் விழுங்கப் பார்த்தேன், இத்தனை வருஷம் விழுங்கிப் பழக்கம்.

அம்மா பிறந்தது திருவள்ளூர். உடம்பில் மரு, சொறி, கட்டி எது வந்தாலும் கோயில் குளத்தில் வெல்லம் போட்டு வேண்டிக்கொண்டால் வெல்லம் கரைகிற மாதிரி அதுவும் கரைந்துவிடும் என்பது அந்த ஊர் வழக்கம். மருந்துக்காரரை விரட்டிய மறுநாள், கடைசிப் புரட்டாசிச் சனிக்கிழமை, அம்மா என் தலைக்காக ஒரு அச்சு வெல்லத்தை எடுத்துக்கொண்டு அப்பாவோடு பஸ் ஏறினாள். இல்லாத பேனுக்கு வெல்லம். பஸ்ஸில் எனக்கு வாந்தி வரும் என்று என்னை வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் நான் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். அவர் வேலை முடிந்து வாளியும் காவி டப்பாவுமாக வந்துகொண்டிருந்தவர், எங்கள் வாசலில் நின்றார். செருப்பைக் கழற்றினார், ஐந்தாம் வகுப்புப் பெண்ணிடம் பேசுவதற்கு. புருவம் வெள்ளையாக இருந்தது.

"அம்மா இல்லியா கண்ணு?"

"இல்ல மாமா."

வாளியைக் கீழே வைத்துவிட்டு எனக்கு எதிரே குந்தி உட்கார்ந்தார்.

"உன் தலையில எதுனா கீதா கண்ணு? நான் யாராண்டயும் சொல்ல மாட்டேன். அம்மாவாண்ட கூட சொல்ல மாட்டேன். இருந்தா சொல்லு, இப்பவே அஞ்சு நிமிசத்துல எண்ண எடுத்தாந்து குடுக்கறேன், நீயே வாரிக்கோ. நாளைக்கும் வாரிக்கோ. டீச்சராண்ட ஒரு வாரம் டைம் கேட்டுக்கினு வந்துடுவேன்."

இருக்குது மாமா என்று சொல்ல வேண்டும். இரண்டு வார்த்தை. அம்மாவின் முகம் கண் முன்னால் வந்தது, கிளார்க்கம்மா என்கிற பெயர் வந்தது, டீச்சர் வந்தார்.

"இல்ல மாமா," என்றேன்.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் நெற்றி வகிட்டிலிருந்து ஒன்று இறங்கியது. மெதுவாகப் பொட்டுக்குப் பக்கத்தில் ஊர்ந்து வந்தது. எனக்குத் தெரிந்தது, அவர் கண்ணும் அதன் கூடவே நகர்ந்தது. கிள்ளிக்கொள்ளக்கூட எனக்குக் கை எழவில்லை. அவர் கையை நீட்டி, இரண்டு விரலால் அதை எடுத்தார். கட்டைவிரல் நகத்தில் வைத்து இன்னொரு நகத்தால் அழுத்தினார். சத்தம் போடவில்லை. ஈருக்குக்கூட 'ஸ்ஸ்' சொல்கிற மனுஷன், உதட்டை மூடிக்கொண்டு நசுக்கினார், எங்கள் அம்மா பின்கட்டில் நசுக்குகிற மாதிரி.

"சரி கண்ணு," என்றார்.

எழுந்து காவியைத் தொட்டு எங்கள் வாசல் சுவரில் எழுதினார். வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் எழுத்துக் கூட்டாமலேயே படித்தேன். பூட்டு.

பொழுது சாயும் நேரத்துக்கு வந்த அம்மாதான் அதை முதலில் பார்த்தாள். "ஆளு உக்காந்திருக்கறப்பவே பூட்டுன்னு எழுதிட்டுப் போயிருக்கு பாருங்க அந்தாளு," என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, ஈரத்துணியை எடுத்துத் துடைத்தாள். "எழுத்து தெரிஞ்சு என்ன பிரயோசனம், கண்ணு தெரியலையே. இல்லடி?"

"ஆமாம்மா," என்றேன்.

பூட்டு என்று எழுதினால் இன்னொருமுறை போக வேண்டும் என்று சொன்னவர் அல்லவா, மறுநாள் வந்தார். மொட்டைக்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அப்பா வெளியே போயிருந்தார். அம்மா அவரைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுவிட்டாள். ஒரு விரலை வாயில் வைத்து என்னைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக விடுகிற சத்தம் கேட்டது. அவர் கதவைத் தட்டவில்லை. "அம்மா," என்று ஒரு தடவை மெதுவாகக் கூப்பிட்டார். நாங்கள் இரண்டு பேரும் அசையாமல் உட்கார்ந்திருந்தோம். கதவிடுக்கில் அவருடைய நிழல் ரொம்ப நேரம் இருந்தது.

எங்கள் வீட்டுத் தாழ்ப்பாள் உயரத்தில் இல்லை. எனக்கு எட்டும்.